பதினொன்றாம் கேள்வி

திருவள்ளூரிலிருந்து தபாலில் வந்தது
பணியாளர் மனநிறைவுப் படிவம், இருபத்தைந்து பிரதி.
பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனையில்
பணியிடம் இருபத்தைந்து.
ஆள் பத்தொன்பது.
மிச்சம் ஆறையும் பீரோவின் மேல்தட்டில் வைத்தேன்,
வராதவர்களுக்கு மூடிவைத்த சோறு மாதிரி.

பெயர் எழுத வேண்டாம் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.
நல்ல எண்ணம்தான்.
ஆனால் அயோடின் கறை பட்ட தாள்
கட்டுப்போடும் எத்திராஜுலுவை விட்டால் யாருடையது?
பச்சை மையில் எழுதி, அடித்து,
அடித்ததன்மேல் மறுபடியும் எழுதுவது
மருந்தாளுநர் கோட்டீஸ்வரி.
தெலுங்கில் நினைத்துத் தமிழில் எழுதி
ஒற்றையெல்லாம் விழுங்கிவிடுகிறவர்
இரவுக் காவலர் டில்லிபாபு.
பதினாலு வருஷமாக இவர்களின்
விடுப்புக் கடிதம் படிக்கிற இளநிலை உதவியாளன் நான்.
எனக்கு எதற்குப் பெயர்?

ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிட வேண்டும்.
சம்பளம், மூன்று.
மேலதிகாரி, ஐந்து.
(மேலதிகாரி பக்கத்து அறையில் இருந்தார்.)
குடிநீர், ஒன்று, ஒன்று, ஒன்று.
யாரோ ஒருவர் சைபர் போட்டு
அதற்கே வட்டமிட்டிருந்தார்.

ஓய்வறை வசதி என்ற இடத்தில்
ஒரு தாளில் வட்டமே இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்து:
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
உடை மாற்றினால் வெளியே ஒருத்தி நிற்கணும்.
ராத்திரி ஷிப்டில் நான் ஒருத்திதான்.
நாற்காலியை முட்டுக்கொடுத்துக்கொள்கிறேன்.

செவிலியர் தமயந்தி. செய்யாற்றுக்காரி.
அந்த அறையில் படுத்தால்
கைபேசி ஆந்திரத்துக்கு நல்வரவு சொல்கிறது,
சுவர்ப்பக்கம் புரண்டால்
திரும்பத் தமிழ்நாட்டுக்கு என்று
ஒருநாள் சிரித்தபடி சொன்னாள்.
பதினொன்றாம் கேள்வி,
இன்னும் ஓராண்டு இங்கே பணிபுரிய விருப்பமா.
'இல்லை' என்று எழுதிய இடத்தில்
பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.
அவளுடைய இடமாறுதல் விண்ணப்பம்
இரண்டாம் தேதியிலிருந்து என் இழுப்பறையில்.

மாவட்டம் கேட்டது சராசரி மட்டும்.
கூட்டி வகுத்தேன். இரண்டு புள்ளி எட்டு.
கணினியில் எண்ணுக்குத்தான் பெட்டி இருந்தது.
தாழ்ப்பாளுக்கு இல்லை.

அன்று மாலை மின்சாரம் போய்
விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.
அந்த அமைதியில் அந்த ஆறு படிவங்களை இறக்கினேன்.
எட்டே மாதத்தில் போன டாக்டர்.
கருவி பழுதாகி ஒரு வருஷம்
வெறும் கையோடு உட்கார்ந்திருந்து
நகரியில் தனியார் ஆய்வகத்துக்குப் போன சாம்ராஜ்.
தமயந்திக்கு முன்பிருந்த புஷ்பகாந்தி...

புஷ்பகாந்தி கிளம்பும் நாளில்
என் மேசை முன்னால் நின்றாள்.
அந்தக் கதவு சார், என்றாள்.
நான் பணிவிடுவிப்பு ஆணையில்
தேதி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ம், என்றேன்.
ஒரு படிவமும் இல்லாமல்
ஒருத்தி பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.
நான்தான் வட்டமிடவில்லை.

மறுநாள் நகரி சாலையில்
எண்பத்தைந்து ரூபாய்க்குத் தாழ்ப்பாள் வாங்கினேன்.
எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.
எத்திராஜுலு திருகாணி முடுக்கினார்.
தமயந்தி உள்ளே போய்ப் போட்டாள்,
எடுத்தாள், மறுபடி போட்டாள்.
வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல்
ஊசி அறைக்குப் போய்விட்டாள்.

விண்ணப்பம் திங்கட்கிழமைத் தபாலில் போகும்.
போகத்தான் வேண்டும்.
செய்யாற்றில் அவள் பையன் இரண்டாம் வகுப்பு.
ஒரு தாழ்ப்பாள் அத்தனை தூரம் தாங்காது.
அடுத்து வருகிறவள்
நாற்காலி இழுக்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான்.

அந்த நாற்காலியைத் தூக்கிவந்து
என் மேசைக்கு எதிரே போட்டிருக்கிறேன்.
ஒரு கால் கொஞ்சம் ஆடும்.